அடுப்படிக் கேள்விகள்: எலும்பு ரசம், இலைக்கஞ்சி, பத்தியக்கறி

முல்லைத்தீவு மாவட்டத்து முள்ளியவளையில் நெடுங்காலம் மனையியல் படிப்பித்தேன். ஓய்வு பெற்ற பிறகும் ஊருக்கு நான் ‘ரீச்சர்’தான். கிளினிக் வாசலில், சந்தையில், கோயில் மடத்தில், இரவானால் வட்ஸ்அப்பில் கனடாவிலிருந்து என்று கேள்விகள் வந்தபடியே இருக்கின்றன. அநேகமானவை ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேட்டவர்களின் வாய்ச்சொல்லை மாற்றவில்லை.

எலும்புச் சூப், ரசம், சொதி, கஞ்சி எல்லாம் ஒண்டுதானே ரீச்சர்? தண்ணிதானே?

தண்ணீர்தான், ஆனால் ஒவ்வொன்றும் செய்கிற வேலை வேறு. ரசம் என்பது மிளகு, நற்சீரகம், உள்ளி (வெள்ளைப்பூண்டு), கொத்தமல்லியைத் தட்டிப் பழப்புளியில் பத்து நிமிடம் கொதிக்க வைப்பது. அது வாயைத் திறக்கும், தடிமனுக்கு (சளிக்கு) இதமாய் இருக்கும், வயிற்றை நிரப்பாது. எலும்பு ரசம் மணிக்கணக்காய் அவித்த எலும்புத் தண்ணீரில் அதே சரக்கைச் சேர்ப்பது. சொதியில் தேங்காய்ப்பாலின் கொழுப்பு இருக்கிறது. கஞ்சியில் அரிசி இருப்பதால் அது ஒரு நேரச் சாப்பாடு.

காய்ச்சலில் கிடக்கிற பிள்ளைக்கு வெறும் ரசத்தை மூன்று நாள் ஊற்றிவிட்டு ‘சாப்பாடு குடுத்தனான்’ என்று சொல்லுகிற தாய்மார் இருக்கிறார்கள். இந்த வித்தியாசம் அவர்களுக்காகத்தான்.

எலும்பை எவ்வளவு நேரம் அவிக்க வேணும்? சிலபேர் ஒரு மணித்தியாலம் எண்டினம், சிலபேர் விடிய விடிய எண்டினம்.

எலும்பைப் பொறுத்தது. ஆட்டெலும்பு என்றால் நாலு மணித்தியாலம், முற்றின ஊர்க்கோழி என்றால் இரண்டு மூன்று. மீன் தலைக்கும் முள்ளுக்கும் இருபது முப்பது நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கசப்பு இறங்கும். விடிய விடிய அவிக்க வேண்டியதில்லை, விறகுக்குத்தான் கேடு.

ஒரு கிலோ ஆட்டெலும்பைக் கழுவி, மூடுகிற அளவு தண்ணீரில் ஐந்து நிமிடம் கொதிக்க விட்டு அந்த முதல் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். அழுக்கு நுரை அதோடு போய்விடும். பிறகு இரண்டரை லீற்றர் புதுத் தண்ணீர். கொதி வந்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்துத் தணலில் விடுங்கள். மேலே ஒன்றிரண்டு குமிழி மட்டும் வர வேண்டும். தளதளவென்று கொதித்தால் கொழுப்புக் கலந்து கலங்கிப் போகும். மிளகு, சீரகம், உள்ளி, மஞ்சள் எல்லாம் கடைசிப் பதினைந்து நிமிடத்தில். முதலே போட்டால் மணம் முழுக்க அடுப்படிக்குப் போய்விடும், கோப்பைக்கு வராது. உப்பு இறக்கும்போது போடுங்கள், ஏனென்றால் வற்ற வற்ற உப்புக் கூடும்.

குக்கர் இருப்பவர்கள் ஒரு மணித்தியாலத்தில் முடிக்கலாம். எனக்குத் தணல் ருசி பிடிக்கும், அவ்வளவுதான் காரணம்.

ஆற விட்டா களி மாதிரி உறைஞ்சு போச்சு. பழுதாப் போச்சோ?

இல்லை, நல்லாய் வந்திருக்கிறது. எலும்பு மூட்டிலும் சவ்விலும் உள்ள கொலாஜன் என்ற புரதம் நீண்ட சூட்டில் ஜெலற்றினாக மாறும். ஆறினால் அது உறையும், சூடாக்கினால் இளகும். மேலே படிகிற வெள்ளை ஆடை கொழுப்பு. கொலஸ்ரோல் உள்ளவர்கள் அதை வழித்து எடுக்கலாம்.

எலும்புத் தண்ணியில கல்சியம் கனக்க இருக்காம். அப்ப பாலுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லைத்தானே?

இந்தக் கதை எங்கும் ஓடுகிறது. எலும்பில் கல்சியம் இருப்பது உண்மை, ஆனால் அது எலும்போடேயே இருந்துவிடும். நாலு மணித்தியாலம் அவித்தாலும் தண்ணீரில் இறங்குவது கொஞ்சம்தான். தேசிப்புளியோ (எலுமிச்சைச்சாறு) வினாகிரியோ விட்டாலும் பெரிய மாற்றம் வராது.

பசும்பாலில் 100 மில்லிலீற்றருக்குச் சுமார் 120 மில்லிகிராம் கல்சியம் உண்டு. குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல். தோல் நீக்காத எள்ளு அதைவிடவும் கூட. முள்ளோடு மென்று தின்னுகிற நெத்தலியும் முருங்கை இலையும் இருக்கின்றன. பால் வாங்க வசதி இல்லாவிட்டால் குரக்கன் பிட்டும் எள்ளுருண்டையும் செய்யுங்கள். எலும்பு ரசத்தை அது தருகிற ருசிக்காகவும் பசிக்காகவும் குடியுங்கள்.

இறைச்சியை அவர் சாப்பிடுவார், பிள்ளைக்குத் தண்ணியை விடுவன். சத்து முழுக்கத் தண்ணியிலதானே இறங்கியிருக்கும்?

என்னிடம் வருகிற கேள்விகளில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். இல்லை, இறங்கியிருக்காது. புரதத்தின் பெரும்பங்கும், இரும்பும், துத்தநாகமும் இறைச்சியிலேயே இருக்கும். தண்ணீருக்கு வருவது ருசி, உப்பு, கொஞ்சம் கொழுப்பு, முன்பு சொன்ன ஜெலற்றின். ஜெலற்றினும் புரதம்தான், ஆனால் நிறைவான புரதம் அல்ல. உடம்பு தானாகச் செய்ய முடியாத ட்ரிப்ரோபன் என்ற அமினோ அமிலம் அதில் இல்லை. அதை மட்டும் நம்பிப் பிள்ளை வளராது.

என் அம்மாவும் இப்படித்தான் பரிமாறினா. தசை அப்பாவுக்கு, எலும்பு அண்ணாவுக்கு, ஆணம் (குழம்புத் தண்ணீர்) எங்களுக்கு, சட்டி வழித்தது தனக்கு. அவவைக் குறை சொல்லவில்லை, இருந்தது அவ்வளவு. ஆனால் கோழி ஒன்று இருந்தால் வளருகிற பிள்ளைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் முதலில் தசையைப் போடுங்கள். வயலால் வருகிறவருக்குப் பசி பெரிதுதான். அதைச் சோறும் பருப்பும் ஆற்றும். ரசத்தை எல்லாருக்கும் ஊற்றலாம்.

ஆறு மாசப் பிள்ளைக்குச் சூப் தொடங்கலாமோ?

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு வேறு உணவு தொடங்கலாம். ஆனால் சூப்பாக அல்ல. பிள்ளையின் வயிறு சிறிது. அதைத் தண்ணீரால் நிரப்பினால் பாலும் குறையும், சோறும் இறங்காது. குழையச் சோறு, மசித்த பருப்பு, நன்றாய் அவித்து முள்ளுப் பார்த்து மசித்த மீன் அல்லது கோழி, ஒரு துளி நல்லெண்ணெய் என்று தொடங்குங்கள். இளக்க வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதில் உப்பில்லாத எலும்பு ரசத்தைச் சேர்க்கலாம். கரண்டியைச் சரித்தால் வழிந்து ஓடக் கூடாது, மெதுவாய் விழ வேண்டும். அதுதான் பதம்.

ஒரு வயது வரை உப்பு, சீனி வேண்டாம். தேன் அறவே வேண்டாம். காட்டுத்தேன் எங்கள் பகுதியில் நல்லாய்க் கிடைக்கும், பெரியவர்கள் நாக்கில் தொட்டு வைக்க ஆசைப்படுவார்கள். கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சாகக் கூடிய ஒரு கிருமியின் வித்துத் தேனில் இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் அது சாகாது.

ஊர்க்கோழி விலை ஏறிப்போச்சு. பண்ணைக்கோழியில சத்தே இல்லை, ஊசி போட்டு வளர்க்கினமாமே?

பண்ணைக்கோழி வேகமாய் வளருவது இனத்தெரிவாலும் தீனியாலும். ஓமோன் ஊசி என்பது பரவலான வதந்தி. புரதத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரசத்துக்கு ஊர்க்கோழி சிறப்பு என்பது உண்மை. ஓடித்திரிந்து முற்றின கோழியில் சவ்வு கூட. பண்ணைக்கோழியில் செய்வதானால் கால், கழுத்து, முதுகெலும்பு வாங்குங்கள். விலையும் குறைவு, நன்றாகவும் உறையும்.

எங்கட கிணறு கல்தண்ணி. உளுந்தும் பருப்பும் எவ்வளவு அவிச்சாலும் கல்லு மாதிரிக் கிடக்கு. என்ன செய்யிறது?

வன்னியில் பல கிணறுகளின் தண்ணீரில் கல்சியமும் மக்னீசியமும் கூடுதல். கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அதுதான். அது பருப்புத் தோலில் உள்ள பெக்ரினோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். இரவே ஊற வையுங்கள். ஊறின தண்ணீரை ஊற்றிவிட்டு, அவிக்க மட்டும் மழைத்தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ பாவியுங்கள். புளியை அவிந்த பிறகு விடுங்கள், புளிப்பும் அவிய விடாது. ஆப்பச்சோடா போட்டால் கெதியாய் மசியும், ஆனால் பி1 என்ற உயிர்ச்சத்து அழிந்துவிடும்.

நாங்கள் மச்சம் தொடுறதில்லை. எங்களுக்கு எலும்பு ரசத்துக்குப் பதிலா என்ன இருக்கு?

பதில் அல்ல, அதைவிட நல்லது இருக்கிறது: இலைக்கஞ்சி. மாரியில் வேலி முழுக்க முசுட்டையும் முடக்கொத்தானும் தூதுவளையும் படர்ந்து கிடக்கும். குளக்கரை ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் கிடைக்கும். கோடையில் ஒன்றும் இல்லை என்று கையை விரிக்காதீர்கள்; முருங்கையும் அகத்தியும் எப்போதும் நிற்கின்றன.

நாலு பேருக்கு ஒரு சுண்டு (ஒரு சின்னப் பேணி அளவு) தீட்டாத சிவப்புப் பச்சையரிசி, ஒரு பிடி வறுத்த பயறு. நிறையத் தண்ணீரில் குழைய அவியுங்கள். இலைகள் இரண்டு மூன்று பிடி. கழுவி, பொடியாய் அரிந்தோ அம்மியில் அரைத்தோ சேர்க்கலாம். தூதுவளை முள்ளை மறக்காமல் எடுங்கள். உள்ளி, மிளகு, சீரகம் தட்டிப் போட்டு, இலை அவிந்ததும் தேங்காயின் முதற்பாலை விட்டு ஒரு கொதியில் இறக்குங்கள். தேசிப்புளி இறக்கி ஆறின பிறகுதான்; அடுப்பில் விட்டால் பால் திரையும், விற்றமின் சியும் வீணாகும். அந்தப் புளிதான் இலையின் இரும்பை உடம்பு எடுக்க உதவுகிறது.

ஒன்று: அடையாளம் தெரியாத இலையைப் பிடுங்காதீர்கள். இன்னொன்று: பி12 என்ற உயிர்ச்சத்து இலைகளில் இல்லை. முழுச் சைவக்காரர் பாலோ எருமைத் தயிரோ சேர்க்க வேண்டும்.

சாப்பிட்ட கையோட பிளேன்ரீ குடிக்கிறனான். அது சத்தைக் கெடுக்குமோ?

கெடுக்கும். மேலே தேசிப்புளி செய்கிற உதவியைத் தேயிலையின் துவர்ப்பு தலைகீழாக்கும். ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். கிளினிக்கில் தருகிற இரும்புக் குளிசைக்கும் இதே கதைதான்.

மகளுக்குப் பிள்ளை பிறந்து ஐஞ்சு நாள். சரக்கரைச்ச கறிக்கு என்னென்ன போடுறது? மாமி ஒண்டு சொல்லுறா, நேர்ஸ் ஒண்டு சொல்லுறா.

பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற பத்தியக்கறி இதுதான். கொத்தமல்லி இரண்டு மேசைக்கரண்டி, மிளகு ஒரு தேக்கரண்டி, நற்சீரகம் ஒரு தேக்கரண்டி, விரல்நுனி அளவு வேர்க்கொம்பு (சுக்கு), இரண்டு திப்பிலி. வெறும் தாச்சியில் மணம் வரும்வரை வறுத்து, ஒரு துண்டு மஞ்சளும் பத்துப் பல்லு உள்ளியும் வைத்து அம்மியில் பசையாய் அரையுங்கள். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கி, ஊர்க்கோழியோ சின்ன மீனோ, சைவம் என்றால் கத்தரிப்பிஞ்சோ முருங்கைக்காயோ போட்டு, அரைத்ததைக் கரைத்து ஊற்றி அவியுங்கள். செத்தல்மிளகாய் வேண்டாம். எங்கள் வீட்டில் முதல் கிழமைகளில் தேங்காய்ப்பாலும் சேர்ப்பதில்லை.

மாமியின் கறி சரி. மாமி ‘தண்ணி குடிக்காத, வயிறு ஊதும்’ என்றால் அது சரியல்ல. பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் கூட, கேட்கக் கேட்கக் கொடுங்கள். ‘உடம்பு இறுக’ என்று பிரண்டியோ சாராயமோ ஊற்றுகிற பழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு. அது பாலோடு பிள்ளைக்குப் போகும். ‘மரக்கறி குளிர், பழம் குளிர்’ என்று நாற்பது நாள் விலக்குவதையும் விடுங்கள். வெட்டிப் பிள்ளை எடுத்தவளுக்கு மலச்சிக்கல் வந்தால் அந்த நோவை மாமியா படுவா?

பால் சுரக்கச் சுறா வறை நல்லது என்பார்கள். மீன் புரதம் நல்லதுதான், ஆனால் பெரிய சுறாவில் பாதரசம் சேர்ந்திருக்கும். சூடை, நெத்தலி, பாரைக்குட்டி போன்ற சின்ன மீன் அந்த வேலையைப் பயமில்லாமல் செய்யும்.

ஒப்பரேசன் செய்தவருக்கு விரால் ரசம் குடுத்தா புண் கெதியா மாறுமாமே? விராலுக்கு எங்க போறது?

புண் மாறப் புரதம் வேண்டும், விராலில் அது நிறைய இருக்கிறது. மலேசியா, இந்தோனேசியாப் பக்கத்திலும் இதே நம்பிக்கை உண்டு. ஆனால் இங்கேயும் பழைய விதிதான்: மீனைத் தின்ன வேண்டும், தண்ணீரை மட்டும் குடித்தால் போதாது.

விரால் அகப்படாவிட்டால் திலாப்பியா வாங்குங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் எல்லாவற்றிலும் அது கிடைக்கும். 1950களின் தொடக்கத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன் என்பதால் சிலர் அதை மதிப்பதில்லை. சேற்று மணம் பிடிக்காவிட்டால் உப்பும் தேசிப்புளியும் போட்டுப் பிசைந்து பத்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள்.

கூழுக்கு மரவள்ளி போட்டா இஞ்சி சேர்க்கக் கூடாது, ஆளையே கொண்டுபோடும் எண்டினம். உண்மையோ?

நஞ்சு மரவள்ளியிலேயே இருக்கிறது. அதிலுள்ள ஒரு பொருள் சயனைட்டை விடும். கசக்கிற மரவள்ளியில் அது கூட. தோலைத் தடிப்பாய்ச் சீவி, சின்னதாய் வெட்டி, நிறையத் தண்ணீரில் மூடாமல் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கூழில் போடுங்கள். கிண்டி எடுத்து நாளான, நீலக்கோடு விழுந்த கிழங்கை எறியுங்கள். இஞ்சியைப் பொறுத்தவரை, அது இல்லாமலே நண்டும் இறாலும் மீன்தலையும் பலாக்கொட்டையும் போட்ட கூழ் மணக்கும். நானும் சேர்ப்பதில்லை.

காய்ந்த பனங்கிழங்கை இடித்தெடுத்த ஒடியல் மாவையும் அப்படியே கரைக்காதீர்கள். தண்ணீரில் ஊற விட்டு, மேலே தெளிகிற தண்ணீரை இரண்டு மூன்று தரம் வடித்த பிறகே சேர்க்க வேண்டும். கசப்பும் அதோடு வருகிற வேண்டாததும் கழியும்.

பிறிட்ஜ் இல்லை. காலமை காய்ச்சின எலும்பு ரசத்தை இரவு வரைக்கும் வைச்சுக் கொதிக்க வைச்சுக் குடிக்கலாமோ?

எங்கள் வெயிலில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். கொதித்தாலும் சாகாத வித்துக் கிருமிகள் இளஞ்சூட்டில் முளைத்துப் பெருகும். சில விடுகிற நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. மீன்குழம்பைச் சுண்ட வைத்து அடுத்த நாள் தின்கிறோமே என்பார்கள். அதில் புளியும் உப்பும் தூக்கலாய் இருக்கும், எலும்பு ரசத்தில் அது இல்லை.

வழி இரண்டு. அந்த நேரத்துக்கு மட்டும் காய்ச்சுங்கள். அல்லது ஆவி பறக்கிற சூட்டில் தணல் மேலேயே வைத்திருங்கள். பிறிட்ஜில் என்றால், அகலச் சட்டியில் ஊற்றிக் கெதியாய் ஆறவைத்து உள்ளே வைத்தால் மூன்று நாள் இருக்கும்.

அப்ப பழஞ்சோறு மட்டும் ஏன் பழுதாகுதில்லை?

நல்ல பிடி. ஆறின சோற்றைத் தாமதிக்காமல் மூழ்க மூழ்கத் தண்ணீர் விட்டு வைத்தால், தயிரைப் புளிக்க வைக்கிற வகைக் கிருமிகள் முந்திக்கொண்டு அதைப் புளிக்கச் செய்யும். அந்தப் புளிப்பில் கெட்டவை வளரச் சிரமப்படும். பகல் முழுக்கச் சட்டியில் திறந்து கிடந்த சோற்றுக்கு இரவு தண்ணீர் விட்டால் அது பழஞ்சோறு அல்ல, பழுதான சோறு. நூல் விட்டாலோ நாற்றம் மாறினாலோ மாட்டுக்கு ஊற்றுங்கள். கைக்குழந்தைக்கும் பிள்ளைத்தாய்ச்சிக்கும் அன்றன்று சமைத்ததே நல்லது.

சூப் கட்டி போட்டா ருசியா இருக்கே?

இருக்கும், பெரும்பங்கு உப்பு. பிரசர் உள்ள வீட்டில் வேண்டாம்.

இவருக்குச் சீனி வருத்தம். கஞ்சி நல்லது எண்டு மூண்டு நேரமும் குடிக்கிறார்.

மூன்று நேரமும் வேண்டாம். குழையக் குழைய அவிந்த அரிசி மெல்லாமலே இறங்கிச் சமித்துவிடும், இரத்தத்தில் சீனி சட்டென்று ஏறும். மேலே சொன்ன இலைக்கஞ்சியைத்தான் செய்ய வேண்டுமென்றால் அரிசியைப் பாதியாக்கிப் பயறையும் இலையையும் கூட்டி, காலையில் ஒரு நேரம் மட்டும் கொடுங்கள். மற்ற நேரம் அளவான சோறு, இலை வறை, மீன். குரக்கனும் மாப்பொருள்தான், பேரைக் கேட்டு மூன்று ரொட்டி தின்னக் கூடாது.

மாமாவுக்குக் கிட்னி வருத்தம். உடம்பு தேற எலும்பு ரசம் காய்ச்சிக் குடுக்கட்டோ?

கிளினிக்கில் கேட்காமல் காய்ச்சாதீர்கள். வவுனியாப் பக்கத்தில் இந்த வருத்தம் பல குடும்பங்களைப் பிடித்திருக்கிறது, அன்பால் கெடுக்கிற வீடுகளையும் பார்த்திருக்கிறேன். பழுதான சிறுநீரகம் உப்பு, பொற்றாசியம், பொசுபரசு மூன்றையும் சரியாய்க் கழிக்காது. எலும்பு ரசத்தில் உப்பு. இலையிலும் பயறிலும் தேங்காய்ப்பாலிலும் பொற்றாசியம். மற்ற எல்லாருக்கும் நான் புகழ்ந்த இலைக்கஞ்சி இவருக்கு ஆபத்தாகலாம். எவ்வளவு புரதம் என்பது கூட வருத்தத்தின் கட்டத்தைப் பொறுத்து மாறும். இரத்தப் பரிசோதனைத் துண்டைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். யூரிக் அமிலத்தால் மூட்டு வீங்குகிறவர்களும் எலும்பு ரசத்தைக் குறைக்க வேண்டும்.

அம்மம்மாவுக்குச் சாப்பாடு இறங்குதில்லை. கஞ்சி காய்ச்சினா கோப்பையைத் தள்ளி விடுறா. எப்பிடிக் குடிக்கப் பண்ணுறது?

அவ 2009இல் எங்கே இருந்தா என்று யோசித்துப் பாருங்கள். போரின் கடைசி மாதங்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும்தான் கஞ்சி. அதற்கும் வரிசையில் நின்றோம். ஒவ்வொரு மே மாதமும் அந்த நினைவாய் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்கள். சிலர் அன்றைக்கு மட்டும் குடிப்பார்கள். சிலருக்கு அந்த வெள்ளை நிறத்தைக் காணவே ஏலாது. என் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார், நான் வற்புறுத்திக் கொடுத்த நாளை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம்.

குடிக்கப் பண்ண வேண்டாம். கஞ்சியில் போடுகிற எல்லாவற்றையும் வேறு உருவில் கொடுக்கலாம். சிவப்பரிசியைக் குழைய வடித்து, முருங்கை இலையைத் தேங்காய்ப்பூவோடு வறையாக்கி, முள்ளெடுத்த மீனை மசித்து, எலும்பு ரசத்தைத் தனியாய்ச் சின்னக் கிண்ணத்தில் வையுங்கள். கோப்பையில் ஊற்றாமல் தட்டில் போடுங்கள். பக்கத்தில் இருந்து நீங்களும் சாப்பிடுங்கள். அவ கையால் பிசைந்து எடுக்கட்டும்.